உப்புக் காற்றுப் பட்ட பழைய போட்டோவை இணையதளத்துக்குச் சுத்தமாக ஸ்கேன் செய்ய

சுவரில் மாட்டிய படத்தைப் போனில் எடுத்து அப்படியே இணையதளத்தில் ஏற்றுவதுதான் பலரும் முதலில் செய்வது. தாத்தாவின் நெற்றியில் ட்யூப்லைட் வெள்ளைக் கோடாக விழுந்திருக்கும். படம் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகியிருக்கும். உற்றுப் பார்த்தால் போன் பிடித்த கையும் கண்ணாடியில் தெரியும். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து ஸ்கேனரில் வைத்தால் இந்த மூன்று தொல்லையும் தீரும். ஆனால் ஸ்கேனர் எதையும் விட்டுவைக்காது. தூசி, விரல் ரேகை, பூஞ்சை, கண்ணாடியில் படிந்த உப்பு எல்லாவற்றையும் படத்தோடு சேர்த்தே பதியும். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று கடலை ஒட்டிய ஊர்களில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. அதனால் இங்கே வேலையின் பெரும்பகுதி ஸ்கேன் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே இருக்கிறது.

டி.பி.ஐ.யும் வலைக்கண்ணும்

ஸ்கேனரின் கண்ணாடிக்கு அடியில் ஒரு விளக்கும் ஒரு சென்சாரும் நகர்ந்துகொண்டே படத்தைக் கோடு கோடாக வாசிக்கின்றன. ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகளை எடுக்கிறது என்பதுதான் டி.பி.ஐ. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் கோப்பில் ஒரு பிக்சல் ஆகிறது.

வலைக்கண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். சீலா வலையில் நெத்திலி நிற்காது. கண் சிறுக்கச் சிறுக்கச் சின்ன மீனும் விழும். டி.பி.ஐ. கூடக்கூட கண் இமை, சேலைக் கரை, படகில் எழுதிய எண் போன்ற நுணுக்கமெல்லாம் பதிவாகும். ஆனால் கடலில் இல்லாத மீன் எந்த வலையிலும் விழாது. கலர் லேபில் போட்ட சாதாரண 4×6 பிரதியில் 300 டி.பி.ஐ.க்கு மேல் புது விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. அதை 1200-ல் வைத்தால் காகிதத்தின் சொரசொரப்பும் தூசியும்தான் பெரிதாகத் தெரியும், முகம் தெளிவாகாது.

கணக்கு எளிது. அங்குலத்தை டி.பி.ஐ.யால் பெருக்க வேண்டும். 4×6 படம் 300-ல் 1200×1800 பிக்சல், 600-ல் 2400×3600. இணையதளத்தில் ஒரு படத்துக்கு நீளப்பக்கம் 1600 பிக்சல் தாராளம். அப்படியானால் 300 போதாதா? முழுப் படத்தை மட்டும் போடுவதென்றால் போதும். கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து ஒருவர் முகத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டிவந்தால் 300 கைகொடுக்காது. அதோடு, இந்தக் கரையில் ஒரு போட்டோ அடுத்த அடைமழைக்குப் பிறகும் இதே நிலையில் இருக்கும் என்று உறுதி கிடையாது. கையில் இருக்கும்போதே 600-ல் எடுத்துவிட வேண்டும். 24 பிட் கலரில் அந்தக் கோப்பு சுமார் 25 எம்.பி. வரும். 1200-ல் நான்கு மடங்காகி 100 எம்.பி.யைத் தொடும்.

1200 தேவைப்படும் படங்களும் உண்டு. பாஸ்போர்ட் சைஸ் படம் 35×45 மி.மீ.தான், 600-ல் சுமார் 830×1060 பிக்சலே கிடைக்கும். பெட்டிக் கேமராவில் எடுத்து, நெகட்டிவைக் காகிதத்தின் மேலேயே வைத்துப் பிரதி போட்ட 6×9 செ.மீ. கருப்பு வெள்ளைப் படங்கள் இன்னொரு வகை. பெரிதாக்காமல் நேரடியாகப் பதிந்தவை என்பதால் அவற்றில் வியக்கும் அளவுக்கு நுணுக்கம் இருக்கும். 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய தனுஷ்கோடி யார் வீட்டுத் தகரப்பெட்டியிலாவது இருந்தால், அது இப்படி ஒரு சிறு படமாக இருக்க வாய்ப்பு அதிகம். ரயில் நிலையப் பலகையின் எழுத்தோ கப்பல் துறையில் நிற்பவரின் முகமோ 1200-ல் பிரிந்து தெரியலாம். அத்தகைய படத்தை 300-ல் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது பெரிய இழப்பு.

ஸ்கேனர் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் மிகப் பெரிய எண்ணை நம்ப வேண்டாம். 'ஆப்டிக்கல்' என்று குறித்த எண்ணே உண்மையானது. அதற்கு மேலுள்ளது மென்பொருள் ஊகித்து நிரப்பும் பிக்சல்.

கண்ணாடியைத் துடைக்கும் முறை

கடற்காற்றில் வரும் உப்பு ஸ்கேனர் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படிகிறது. வெறும் கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஸ்கேன் செய்தால் மட்டும் கருப்பு சாம்பலாக வெளிறி, படம் முழுக்க மூட்டம் போட்டதுபோல இருக்கும்.

முதலில் ரப்பர் ஊதுபந்தால் ஊதி மணலைப் போக்க வேண்டும். ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் சன்னல் மூடிய அறையிலும் நுண்மணல் வந்து உட்காரும். அதை ஊதாமல் துணியால் இழுத்தால் கண்ணாடியில் கீறல் விழும், அந்தக் கீறல் இனி வரும் ஒவ்வொரு ஸ்கேனிலும் இருக்கும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் துளி படும். அடுத்து, பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீரில் மைக்ரோஃபைபர் துணியின் ஒரு முனையை லேசாக நனைத்துத் துடையுங்கள். உப்பு தண்ணீரில் கரையும், ஸ்பிரிட்டில் சரியாகக் கரையாது. இந்தக் கரையில் வெறும் ஸ்பிரிட் மட்டும் போட்டுத் துடைத்தால் உப்பு இடம் மாறுமே தவிரப் போகாது. தண்ணீருக்குப் பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் சில சொட்டு, அது விரல் எண்ணெய்ப் பிசுக்குக்கு. கடைசியில் காய்ந்த துணி. எந்தத் திரவமானாலும் துணியில்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் தெளித்தால் ஓர இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, அடிப்பக்கம் மங்கிவிடும். ஸ்கேனரைப் பிரிக்காமல் அதைத் துடைக்க முடியாது.

கண்ணாடி சுத்தமா என்று பார்க்க, கருப்புச் சார்ட் பேப்பரை மேலே வைத்து 300-ல் ஒரு ஸ்கேன் எடுத்து, திரையில் பிரகாசத்தைக் கூட்டிப் பாருங்கள். தூசி வெள்ளைப் புள்ளியாக மின்னும். படத்தை வைத்த பிறகு ஒரு புள்ளி கண்ணாடியில் இருக்கிறதா படத்தில் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால், படத்தைச் சற்று நகர்த்தி மறுபடி பாருங்கள். புள்ளி கூடவே நகர்ந்தால் அது படத்தில் உள்ளது. புள்ளியாக இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடு வந்தால் காரணம் வேறு. ஸ்கேனர் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் வெள்ளைப் பட்டை கண்ணாடியின் ஒரு முனையில் இருக்கும். அந்த இடத்தில் தூசி விழுந்தால் படம் நெடுகக் கோடு விழும். கண்ணாடியின் அந்த முனையையும் நன்றாகத் துடையுங்கள்.

ஏசி அறையிலிருந்து ஸ்கேனரையோ படத்தையோ வெளியே ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தால் மேலே நீர் பூக்கும். குறைந்தது ஒரு மணி நேரம் மூடியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பளபளப்பான போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின், அது ஈரத்தை உறிஞ்சி இளகும். அப்போது படத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து, மூடிமேல் புத்தகத்தை ஏற்றிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது படம் ஒட்டியிருக்கலாம். வைத்தவுடன் ஸ்கேன் செய்து, உடனே எடுத்துவிட வேண்டும். முடிந்தால் இந்த வேலையை மாசி, பங்குனிக்குத் தள்ளிவையுங்கள்.

படத்தைத் தொடுவதும் தொடாமல் விடுவதும்

கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, படத்தின் ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். புதிய, மென்மையான வாட்டர்கலர் தூரிகையால் ஒரே திசையில் தூசியைத் தட்டினால் போதும். ஈரத்துணி கூடவே கூடாது. ஜெலட்டின் உப்பிக் கறை நிரந்தரமாகும். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படமாக இருந்தால் மையே கரைந்து ஓடும்.

வெள்ளையாகவோ சாம்பலாகவோ பூஞ்சை பூத்திருந்தால் அதைத் துடைக்க நினைக்காதீர்கள். ஈரமாக இருக்கும் பூஞ்சை தேய்க்கத் தேய்க்கப் பூச்சுக்குள் இறங்கும். படத்தை நிழலில், காற்றோட்டத்தில் ஒன்றிரண்டு நாள் உலர விடுங்கள். வெயிலில் வைத்தால் சுருளும், நிறமும் போகும். காய்ந்த பிறகு வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, தூரிகையால் மெதுவாகத் தட்டுங்கள். அந்தத் தூரிகையை மற்றப் படங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது.

பசைக் கோடு போட்ட அட்டையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்கள் 80-களிலும் 90-களிலும் வீடு வீடாக வந்தன. அவற்றிலிருந்து படத்தை நகத்தால் நெம்பினால் மூலை மடிந்து, பூச்சு வெடிக்கும். கிடைப்பதிலேயே மெல்லிய தூண்டில் நரம்பை இரு கையிலும் இழுத்துப் பிடித்து, படத்துக்கும் அட்டைக்கும் நடுவே ரம்பம்போல முன்னும் பின்னும் அசைத்து நகர்த்துங்கள். நரம்பு அட்டையை ஒட்டியே போக வேண்டும். இடையில் தடைப்பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் தாளை மட்டும் விலக்கிப் பக்கத்தோடு ஸ்கேன் செய்யலாம்.

சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே வேண்டாம். முகம் கண்ணாடியிலும் காகிதம் கையிலும் வரும். கண்ணாடியோடு ஸ்கேனரில் வைத்தாலும் சரியாக வராது. இன்று வீடுகளிலும் கடைகளிலும் இருக்கும் மெல்லிய ஸ்கேனர்கள், கேனான் லைடு வகையும் பெரும்பாலான ஆல்-இன்-ஒன் பிரிண்டர்களும், சி.ஐ.எஸ். சென்சார் கொண்டவை. கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டுமே அவற்றுக்குத் துல்லியம், 2 மி.மீ. விலகினாலே மங்கிவிடும். எப்சன் வி600 போன்ற தடித்த சி.சி.டி. ஸ்கேனரில் இந்த விலகலுக்குச் சற்று இடம் உண்டு. அது கிடைக்காவிட்டால் கேமராவே வழி. படத்தைச் சுவரில் செங்குத்தாக நிறுத்தி, கேமராவை அதன் நடுவுக்கு நேராக வைத்து, இரு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி விளக்கு வையுங்கள். கேமராவுக்குப் பின்னால் கருப்புத் துணி தொங்கினால் பிரதிபலிப்பு அடங்கும். ஃபிளாஷ் வேண்டாம். ஆவணங்களை ஸ்கேன் செய்யும் செயலிகளும் வேண்டாம், அவை முகத்தையும் எழுத்து என்று நினைத்து வெளுப்பாக்கும்.

எந்தெந்த அமைப்பை அணைக்க வேண்டும்

ஸ்கேனர் மென்பொருளில் 'தானியங்கி' முறையை விட்டு, விரிவான முறைக்கு வாருங்கள். 24 பிட் கலர், 600 டி.பி.ஐ., கோப்பு வகை டிஃப் (TIFF, நுணுக்கத்தை எறியாமல் சேமிக்கும் வகை). வெளுத்த படமாக இருந்தால், நிறத்தின் ஏற்ற இறக்கம் இன்னும் நுட்பமாகப் பதியும் 48 பிட். ஷார்ப்பன் (விளிம்புகளைக் கூர்மையாக்குவது), தூசி நீக்கம், நிற மீட்பு, தானாக வெளிச்சம் திருத்துதல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஸ்கேன் என்பது இருப்பதை இருப்பதுபோல் பதிவது, திருத்துவது வேறு வேலை. தூசி நீக்கம் மூக்குத்திக் கல்லையும் தூசி என்று அழித்துவிடும். ஸ்கேனரே ஷார்ப்பன் செய்த படத்தில் முகத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு விழும், பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுதாக எடுக்க முடியாது.

ஜேபெக் வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான். அது கோப்பைச் சுருக்க நுணுக்கத்தை எறிகிறது. திறந்து திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும். டிஃப் ஒன்றை மூலமாக வைத்துக்கொண்டால் அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம்.

பின்பக்கத்து எழுத்து நிழலாகத் தெரிந்தால் படத்தின் முதுகில் கருப்பு அட்டை வையுங்கள். படத்தைத் தாள் இழுக்கும் ஃபீடரில் போடாதீர்கள், கீறும், சிக்கினால் கசங்கும். நான்கைந்து படங்களை ஒரே தடவையில் வைப்பதென்றால் நடுவே ஒரு செ.மீ. இடைவெளி விட்டு, வெட்டும்போது ஓரத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஒரு ஸ்கேன் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரை, தேதி, பென்சிலில் எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில் அக்கரைக்குப் போய்வந்த குடும்பங்களில் கொழும்பு ஸ்டுடியோ முத்திரை கிடைத்தால், படம் எடுத்த ஊரை அதுவே சொல்லிவிடும்.

தகராறு செய்யும் படங்கள்

துணி நெசவுபோல, தேன்கூடுபோலப் புடைப்புள்ள காகிதத்தில் போட்ட படங்களை ஸ்கேன் செய்தால் முகமெங்கும் வெள்ளைப் புள்ளிகள் மின்னும். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமிருந்து விழுவதால் ஒவ்வொரு மேட்டின் ஒரு சரிவு மட்டும் ஒளிர்கிறது. ஒரு ஸ்கேன் எடுங்கள். படத்தை 180 டிகிரி திருப்பி வைத்து இன்னொன்று எடுங்கள். இரண்டாவதைத் திரையில் நிமிர்த்தி, முதலாவதின் மேல் அடுக்கி, கண்ணோடு கண் பொருந்துமாறு நகர்த்தி, மேலடுக்கை 50 சதவீதம் ஒளி ஊடுருவும்படி வைத்தால் மேடுகளின் மின்னல் பெரிதும் அடங்கும். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளிலேயே இதைச் செய்யலாம்.

செய்தித்தாள், கல்யாணப் பத்திரிகை, மலர் போன்றவற்றில் அச்சான படம் மைப் புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளி வரிசையும் ஸ்கேனரின் பிக்சல் வரிசையும் ஒன்றோடொன்று மோதும்போது அலையலையாகக் கோலம் விழும். இரண்டு கொசுவலைத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால் தெரியும் அதே அலைதான். 600-ல் எடுத்து, மைப்புள்ளி கரையும் அளவுக்கு மட்டும் மங்கலாக்கி, பிறகு சிறிதாக்குங்கள். மென்பொருளில் அச்சுப் புள்ளியைக் கரைக்கும் டீஸ்கிரீன் என்ற அமைப்பு இருந்தால் இந்த வகைக்கு மட்டும் அதை இயக்கலாம். உண்மையான போட்டோவுக்கு இயக்கினால் நுணுக்கம் போய்விடும்.

ஏ4 கண்ணாடிக்குள் அடங்காத பள்ளிக்கூடக் குழுப் படத்தை இரண்டாக எடுத்து இணைக்கலாம். நடுவில் கால் பங்காவது இரண்டிலும் வர வேண்டும். படத்தைச் சுழற்றாமல் பக்கவாட்டில் நகர்த்துங்கள், திருப்பினால் வெளிச்சம் மாறி ஒட்டு தெரியும்.

கருப்பு வெள்ளைப் படத்தையும் கலரில் ஸ்கேன் செய்யச் சொல்வதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. கலர் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்குகள் உண்டு. மஞ்சள் அல்லது பழுப்பு நீர்க்கறை நீல ஒளியை விழுங்குவதால் நீல அடுக்கில் கருத்துத் தெரியும், சிவப்பு அடுக்கில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். அந்தச் சிவப்பு அடுக்கை மட்டும் தனியே பிரித்து எடுத்தால் கறை இல்லாத கருப்பு வெள்ளைப் படம் கையில் வரும், ஓர் இடத்தைக்கூடத் தொட்டு அழிக்காமல். ஈரத்தில் கிடந்த பழைய படங்களின் கரிய ஓரங்களில் நீலமாக ஏறும் வெள்ளிப் பளபளப்பும் அங்கே பெரும்பாலும் குறைவாக இருக்கும். நீல மைக் கிறுக்கலுக்கு நேர்மாறாக நீல அடுக்கைப் பாருங்கள். படமே வெளுத்து மஞ்சளாகியிருந்தால், மிச்சமிருக்கும் உருவமும் நீல அடுக்கில்தான் கூடுதல் அழுத்தமாக இருக்கும். மூன்றையும் திறந்து பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம் ஆகும்.

70-களின் கலர் படங்கள் ஆல்பத்துக்குள் இருந்தே சிவந்திருந்தால், சயான் (நீலப்பச்சை) சாயம் முதலில் வெளுத்துவிட்டது என்று பொருள். ஜிம்பின் லெவல்ஸ் பெட்டியில் மூன்று அடுக்கையும் தனித்தனியே எடுத்து, வரைபடம் தொடங்கும் இடத்துக்கு இடது முள்ளையும் முடியும் இடத்துக்கு வலது முள்ளையும் கொண்டுவந்தால் நிறம் பெருமளவு திரும்பும். வரைபடத்துக்குள் முள்ளை நுழைத்தால் வெள்ளைச் சட்டையின் மடிப்பும் தலைமுடியின் இழையும் அழிந்துபோகும்.

இணையதளத்துக்கான பிரதி

டிஃபைத் தொடாமல் வைத்து, ஒரு நகலில் வேலை செய்யுங்கள். நிமிர்த்தி, ஓரம் வெட்டி, நிறம் திருத்தி, பக்கத்துப் பகுதியை நகலெடுத்து மூடும் குளோன் அல்லது ஹீல் கருவியால் தூசியை அகற்றி, நீளப்பக்கம் 1600 பிக்சலுக்குச் சிறிதாக்க வேண்டும். 0.1 மி.மீ. தூசி 600 டி.பி.ஐ.யில் இரண்டு பிக்சலுக்குச் சற்று அதிகம். 3600 பிக்சல் நீளப் படத்தை 1600-க்குக் குறைத்ததும் அது ஒரு பிக்சலாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பொட்டையும் விரட்ட வேண்டியதில்லை. முகத்தின் மேலும் வானத்திலும் கண்ணை உறுத்துவதை மட்டும் எடுத்தால் போதும். சின்னப் படத்தை 1600-க்குப் பெரிதாக்க வேண்டாம், இருக்கிற அளவிலேயே போடுங்கள்.

ஷார்ப்பன் செய்வது கடைசி, அளவைக் குறைத்த பிறகுதான். ஜிம்பில் ரேடியஸ் 0.7, அளவு 0.4 சுற்றி வைத்துப் பாருங்கள். முகச் சுருக்கம் கடுமையாகத் தெரிந்தால் குறையுங்கள். நிறவெளி (கோப்பின் எண்களை எந்த நிறமாகக் காட்டுவது என்ற வரையறை) எஸ்.ஆர்.ஜி.பி. ஆக இருக்க வேண்டும், அடோபி ஆர்.ஜி.பி.யில் விட்டால் பல திரைகளில் நிறம் சோர்ந்து தெரியும். பிறகு ஜேபெக், தரம் 80 முதல் 85. 300 கே.பி. சுற்றி வந்தால் நல்லது. அதைவிடப் பெரிதாக இருந்தால், டவர் சரியாக எடுக்காத இடத்தில் போனில் பார்ப்பவருக்குப் படம் பாதியில் நிற்கும். இந்தக் கட்டத்தில் கோப்பில் 72 டி.பி.ஐ. என்று இருந்தாலும் 600 என்று இருந்தாலும் வித்தியாசம் இல்லை, உலாவி பிக்சலை மட்டுமே எண்ணும்.

கோப்பின் பெயரை ரோமன் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல், ஊர், ஆண்டு என்று சிறு கோட்டால் பிரித்து எழுதுங்கள். தமிழில் வைத்தால் முகவரியில் சதவீதக் குறிகளாக மாறி, பகிரும்போது நீளமாகும். போனில் எடுத்த படமென்றால் வீட்டின் இருப்பிடம் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கலாம், ஏற்றுமுன் அதை நீக்குங்கள். படத்தைப் பார்க்க முடியாதவருக்குத் திரைவாசிப்பான் படித்துக்காட்டும் மாற்று உரையைத் தமிழிலேயே எழுதுங்கள். 'பழைய படம்' என்று எழுதினால் பார்வையற்ற வாசகருக்கு ஒன்றும் சொன்னதாகாது. யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். அதற்குத் தேவையான பெயரும் ஆண்டும் பின்பக்க ஸ்கேனில் இல்லாவிட்டால், படத்தை வீட்டுப் பெரியவர் கையில் திருப்பிக் கொடுக்கும்போதே இடமிருந்து வலமாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். யாருடைய முகத்தைப் போடலாம், யாருடையது வேண்டாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.